லிஃப்டின் தரப்பு

பிப்ரவரி 3, திங்கள்

இன்று முதல் எனக்கு நீதிமன்றம் இல்லை. முழங்கால் இரண்டும் படியேற மறுக்கின்றன என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளைப் பத்திரிகை ஆசிரியரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "அப்போ உட்கார்ந்து பார்க்கிற வேலையா ஒண்ணு தர்றேன் சார்" என்றாள்.

சனிக்கிழமைத் தொலைக்காட்சிப் பக்கம். வியாழன் மாலை தொடர் வரும். வெள்ளிக்கிழமை ஊருக்குள் போய்ப் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். மறுநாள் அச்சில் வர வேண்டும். முப்பது வருடம் கொலை, சொத்து, விவாகரத்து என்று எழுதியவனுக்கு இது ஓய்வூதியம் மாதிரிதான்.

இந்த ஆசிரியருக்குக் கத்தரி என்று பெயர் வைத்தவன் நான். என்னைவிட வயதில் மிகவும் சின்னவள். என் செய்திகளின் முதல் பத்தியை வெட்டுவதே அவளுக்குத் தொழில். வெட்டிய பிறகு நன்றாக இருக்கும், அதுதான் எரிச்சல்.

தொடரின் பெயரைச் சொன்னதும் நான் சொல்லிவிட்டேன்: "அதுல என் மனைவி குரல் கொடுக்கிறா."

"தெரியும் சார். குரல்தானே, முகம் வராதே. ஆள் கிடைக்கிற வரைக்கும் பாருங்க. நீங்க நடுநிலையா இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

மறுத்திருக்க வேண்டும். அந்தக் கடைசி வாக்கியம் காதுக்கு இதமாக இருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

'மாயக் குடியிருப்பு' முதல் தடவையாக முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். இதுவரை பாதியில் தூங்கிவிடுவேன்.

குழந்தைக் கதைகளில் வந்தவர்கள் எல்லாம் வயதாகி, ஓர் ஆறு மாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். முதல் மாடியில் ராட்சதன். மரச்சாமான் கடை வைத்திருக்கிறான், கூரை இடிக்கும் என்று வீட்டுக்குள் குனிந்தே நடக்கிறான். மூன்றாம் மாடியில் முன்னாள் இளவரசி, இப்போது பல் மருத்துவர். ஓநாய்க்கு வாசலில் காவல் வேலை. ஊரை ஏமாற்றிய ஒரு சூனியக்காரிக்கு மட்டும் வீடு கிடையாது. உடம்பைப் பறித்து, லிஃப்டுக்குள் வெறும் குரலாக இருக்கும்படி தண்டித்திருக்கிறார்கள். ஏறுகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பாள். கேட்ட மாடியில் இறக்கிவிடுவாள், சில நாள் கேட்காத மாடியில்.

அந்தக் குரல் என் வீட்டுக் குரல்.

இவள் கால் நூற்றாண்டாகக் குரல் கொடுக்கிறாள். "நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை" இவள்தான். வங்கியில் "தயவுசெய்து காத்திருக்கவும்" இவள்தான். ரயில் தாமதத்துக்கு வருந்துகிறவளும் இவளே. ஊரே இவள் குரலைக் கேட்டுப் பல்லைக் கடித்திருக்கிறது. சிரிக்கவும் கோபப்படவும் பொய் சொல்லவும் இடமுள்ள ஒரு பாத்திரம் இந்த வயதில்தான் வந்திருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தான அன்று சமையலறையில் லிஃப்ட் கதவு மாதிரி இரண்டு கையையும் விரித்து விரித்து மூடிக்காட்டினாள்.

இன்றைய பகுதி. ராட்சதன் வீட்டில் தட்டு உடையும் சத்தம். அவன் எறிந்தானா, பெரிய கை பட்டு விழுந்ததா, காட்டவில்லை. அவனுடைய ஆறு வயது மகள் ஓடிவந்து லிஃப்டுக்குள் நிற்கிறாள். "எந்த மாடி?" என்கிறது குரல். "அப்பா வராத மாடி." கதவு மூடுகிறது. ஆறு மாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடியில் திறக்கிறது. குழந்தை இறங்குகிறாள். பிறகு ராட்சதன் தேடி வந்து கேட்கும்போது, "நான் யாரையும் பார்க்கலையே" என்கிறது லிஃப்ட். அவன் அங்கேயே மடங்கி உட்கார்ந்து அழுகிறான்.

இவளுடைய அக்கா கீழ் வீட்டிலிருந்து வந்து எங்களோடுதான் பார்ப்பார். முடிந்ததும் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: "உன் குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ செஞ்சது தப்புடி. பெத்தவன் அழுறான்."

"நான் எங்கக்கா செஞ்சேன்? எழுதிக் கொடுத்தாங்க."

"எழுதிக் கொடுத்தா செஞ்சிடுவியா?"

பிப்ரவரி 7, வெள்ளி

எட்டுப் பேரிடம் கேட்டேன். நீதிமன்றத்தைவிட இங்கே சாட்சிகள் தாராளமாகப் பேசுகிறார்கள்.

முடிதிருத்துபவர், கத்தியை என் கழுத்தருகே வைத்துக்கொண்டு: "அது கடத்தல் சார். லிஃப்ட்னா ஏத்தணும் இறக்கணும், நடுவுல என்ன நியாயம் பேச்சு?" நான் அசையாமல் ஆமோதித்தேன்.

பேருந்துப் பணிமனையில் ஒரு நடத்துநர்: "நானும்தான் தினம் ஆயிரம் பேரை ஏத்துறேன். யார் வீட்டுப் பிரச்சினையையாவது தீர்த்து வச்சிருக்கேனா?" பக்கத்திலிருந்த ஓட்டுநர்: "அண்ணே, நீங்க சில்லறைப் பிரச்சினையையே தீர்த்ததில்லை."

ஓய்வுபெற்ற ஒரு நீதிபதியைப் பழைய பழக்கத்தில் போனில் அழைத்தேன். அவரும் பார்க்கிறாராம். "கடத்தல்தான், சந்தேகமில்லை. ஆனா என் முன்னால வந்திருந்தா விட்டிருப்பேன். இதைப் போடாதீங்க" என்றார். பிறகு, "போட்டாலும் போடுங்க" என்றார்.

மருத்துவமனைச் சிற்றுண்டிச் சாலையில் கல்லாவில் இருக்கும் பெண். நாற்பது வயது இருக்கும். கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சின்ன வயசுல எங்க வீட்டுலயும் அந்தத் தட்டுச் சத்தம் உண்டுங்க. எதிர்வீட்டு அக்கா என்னைக் கூட்டிட்டுப் போய்க் கட்டிலுக்கு அடியில வச்சுக்குவாங்க. எங்கப்பா வந்து கேட்டா, 'இங்க வரலையே'ன்னு சொல்வாங்க. இந்த லிஃப்ட் சொல்லுச்சே, அதே மாதிரி, அதே சாதாரணக் குரல்ல. நேத்து டீவிய நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்." அந்த அக்காவின் பெயர் தெரியாது என்றார். அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டாராம்.

எட்டில் நாலு எதிர்ப்பு, நாலு ஆதரவு. பக்கத்தில் நாலுக்குத்தான் இடம். எதிர்ப்பு நாலையும் எடுத்துக்கொண்டேன். மனைவியின் பாத்திரத்தைப் பாராட்டும் ஒரு வரியை நான் அச்சேற்றினால், நாளைக்கு யாராவது விரல் நீட்டுவார்கள். அதற்கு இடம் தரக் கூடாது.

பிப்ரவரி 8, சனி

பக்கம் வந்தது. கத்தரி ஒரு வரிகூட வெட்டவில்லை. வீட்டில் இவள் படித்தாள், மடித்து வைத்தாள், "நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள்.

பிப்ரவரி 15, சனி

இந்த வாரமும் எதிர்ப்புகள். ஆதரவாகச் சொன்னவர்கள் இந்தத் தடவை அதிகம், எல்லாரையும் விட்டுவிட்டேன். சலவைக்கடைக்காரர் சொன்னதை விடத்தான் மனமில்லை: "அந்தப் பொம்பளை பொய் சொல்லும்போது நமக்கே நம்பணும்போல இருக்கு பாருங்க, அது நடிப்பு." அவருக்கு நான் யாருடைய கணவன் என்று தெரியாது. சட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து தெருவில் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? வேலையில் கேட்டதை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்பது என் பழைய வழக்கம். அவ்வளவுதானா?

பிப்ரவரி 22, சனி

கடையில் இவள் தக்காளி விலை கேட்டதும் பின்னால் நின்ற ஒரு சிறுமி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாளாம். "லிஃப்டும்மா, லிஃப்டும்மா" என்று கிசுகிசு. அந்த அம்மா இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேப்பர்ல கூடக் கிழிச்சிருந்தாங்க" என்றிருக்கிறாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தக்காளி வாங்காமல் வந்திருக்கிறாள்.

மார்ச் 1, சனி

நாலாவது பக்கம். கத்தரி, "வாசகர்கிட்ட நல்ல வரவேற்பு சார், திட்டுனா எல்லாரும் படிக்கிறாங்க" என்றாள். மாற்று ஆள் இன்னும் கிடைக்கவில்லையாம்.

மார்ச் 4, செவ்வாய்

இவள் ஒலிப்பதிவுக்குப் போனவள் மதியமே திரும்பிவிட்டாள். கைப்பையைக் கூட வைக்கவில்லை, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"லிஃப்ட் பழுதாகுதாம். கட்டடத்துக்குப் புது லிஃப்ட் மாட்டுறாங்களாம். பேசாத லிஃப்ட்."

"யார் சொன்னது?"

"இயக்குநர்தான். நல்லவிதமாத்தான் சொன்னாங்க. எழுதுறவங்க அறைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சுவத்துல பேப்பர் ஒட்டியிருக்கு. நாலும் உங்க பக்கம்."

நான் மேசையில் கிடந்த பத்திரிகையை மடித்தேன்.

"ஏங்க, நாலு வாரமா ஊரெல்லாம் சுத்துறீங்களே. ஒருத்தருக்குக்கூடவா பிடிக்கலை?"

அவள் கேட்டது குற்றச்சாட்டாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் — நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மார்ச் 5, புதன்

சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேசையில், எல்லாவற்றையும். நீதிபதி சொன்னது, சலவைக்கடைக்காரர் சொன்னது, கல்லாப் பெண் சொன்னது. எதிர்வீட்டு அக்கா, கட்டிலுக்கு அடியில். அதே சாதாரணக் குரல் என்றது. ஏன் போடவில்லை என்பதையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே இருந்தாள். கல்லாப் பெண் வந்த இடத்தில் கண் நிறைந்தது. நான் முடித்ததும் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"நீங்க நேர்மையானவர்னு ஊருக்குக் காட்டணும். அதுக்கு என் தலைதான் கிடைச்சுதா?"

"சாதகமா எழுதிட்டேன்னு யாரும்…"

"சாதகமா யார் எழுதச் சொன்னது? இருந்ததை எழுதியிருக்கலாமே. வேற யாரோ குரல் கொடுத்திருந்தா எழுதியிருப்பீங்கதானே? நான் உங்க பொண்டாட்டியா போனதுதான் என் தப்பு."

முப்பது வருடம் இரு தரப்பையும் எழுதியவன். ஒரு தரப்பு என் வீட்டில் இருந்ததும் அதைக் காதோடு வைத்துக்கொண்டேன். மனைவிக்காக வளைந்துவிடக் கூடாது என்று பயந்து எதிர்ப்பக்கம் வளைந்திருக்கிறேன். வளைந்தது வளைந்ததுதானே.

மார்ச் 6, வியாழன்

தொடர் பார்க்கவில்லை. டீவியை யாரும் போடவில்லை. அக்கா படியேறி வந்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து, "நான் கீழயே பார்த்துக்கிறேன்" என்று போய்விட்டார்.

மார்ச் 8, சனி

இவள் என்னோடு பேசுகிறாள். ஆனால் அந்தக் குரலில்.

"உணவு மேசையில் வைக்கப்பட்டுள்ளது." "குளியலறை தற்போது உபயோகத்தில் உள்ளது. தயவுசெய்து காத்திருக்கவும்." ஏற்ற இறக்கமே இல்லாமல், ரயில் நிலையம் மாதிரி. சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது என்றேன். "சேவைக்குத் தடங்கல் ஏற்பட்டமைக்கு வருந்துகிறோம்" என்றாள்.

சிரிப்பு வந்தது. சிரித்தால் இன்னும் கெடும் என்று அடக்கிக்கொண்டேன். திரும்பும்போது அவள் உதட்டோரமும் துடித்த மாதிரி இருந்தது. கற்பனையாகவும் இருக்கலாம்.

இந்த வாரப் பக்கத்துக்கு எழுதித் தரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தேன். அதுவும் பொய்.

மார்ச் 10, திங்கள்

கத்தரியிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"கோர்ட்ல ஒரு தரப்புச் சாட்சிய மட்டும் எழுதிட்டு வந்தா உங்க காலத்து ஆசிரியர் என்ன செஞ்சிருப்பார்?"

"முகத்துல எறிஞ்சிருப்பார்."

"நான் எறியல. எனக்கும் இதுல பங்கு இருக்கு, உங்களைப் போட்டதே நான்தான்." கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டினாள். "திருத்தம் போடணும். யார், என்ன உறவு, என்ன விட்டுப்போச்சு, எல்லாம். மழுப்பக் கூடாது. உங்க மனைவி பேர் அச்சுல வரும். அவங்க சம்மதம் வேணும்."

என் எழுத்துக்கு இதுவரை அச்சில் திருத்தம் வந்ததில்லை. அதைப் பெருமையாக வெளியே சொன்னதில்லை, உள்ளுக்குள் வைத்திருந்தேன். அதுவும் இப்போது போகிறது. போகட்டும்.

பக்கத்தை விளையாட்டுப் பிரிவுக்காரரிடம் கொடுத்தாள். நான் பார்த்த அத்தனை பேரையும் அவர் புதிதாகப் போய்க் கேட்பார். நான் இடத்தை மட்டும் சொல்ல வேண்டும், வார்த்தையைச் சொல்லக் கூடாது. "நான் டீவில பந்தைத் தவிர எதையும் பார்த்ததில்லையே" என்றார் அவர். "அதனாலதான் உங்களைப் போடுறேன்" என்றாள் கத்தரி.

மாலை

இவளிடம் கேட்டேன். உன் பெயர் வரும், குடும்ப விஷயம் தெருவுக்கு வரும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு போர்வையை முழுக்க மடித்து முடித்த பிறகுதான் பேசினாள், சொந்தக் குரலில்.

"போடுங்க. இத்தனை வருஷமா என் குரல் இல்லாத வீடு இல்லை. பேர் ஒரு இடத்துலயும் வந்ததில்லை. திருத்தத்துலயாவது வரட்டும்." பிறகு, "எழுத்துப்பிழை இல்லாம" என்றாள்.

மார்ச் 15, சனி

திருத்தம் முதல் பக்கத்தின் கீழ்மூலையில் வந்திருக்கிறது. பதினோரு வரி. நான் எழுதியதைக் கத்தரி வெட்டியிருக்கிறாள்: 'நல்லெண்ணத்தில்' என்ற ஒரு சொல். சரிதான், அந்தச் சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

உள்ளே விளையாட்டுக்காரரின் பக்கம். போட்டி வர்ணனை மாதிரி எழுதியிருக்கிறார், ஆனால் ஒருவரையும் விடவில்லை. முடிதிருத்துபவர் தன் கட்சியில் உறுதியாக இருக்கிறார். நீதிபதி இந்தத் தடவை தானாகவே, போடுங்கள் என்றிருக்கிறார். கல்லாப் பெண் சொன்னது நடுவில், பெயரில்லாமல்.

இவள் அதை நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை. மாலையில் அக்கா வந்தபோது, "அக்கா, இதைப் படி" என்று கல்லாப் பெண்ணின் பத்தியில் விரலை வைத்துக் காட்டினாள்.

மார்ச் 18, செவ்வாய்

சட்டைப் பொத்தான் தைக்கப்பட்டிருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

புது லிஃப்ட் வந்துவிட்டது. இது முன்பே எடுத்து முடித்த பகுதி. பளபளவென்று எஃகுச் சுவர், வாயே திறக்காது. இளவரசி ஏறினாள், மூன்றாம் மாடியில் இறங்கினாள். ஓநாய் ஏறிற்று, இறங்கிற்று. ராட்சதன் ஏறி, வழக்கம்போலக் கூரையைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டான். குழந்தை இன்னும் ஏழாம் மாடியில்தான், எப்படிப் போவது என்று யாருக்கும் தெரியவில்லை.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இதென்ன, எல்லாரும் ஊமை மாதிரி ஏறி இறங்குறாங்க. திட்டுறதுக்குக்கூட ஒரு ஆள் இல்லை."

"நீதானேக்கா நான் செஞ்சது தப்புன்னே."

"தப்புதான். இப்பவும் தப்புதான். அதுக்காக ஆளையே காணாம ஆக்குவாங்களா? நான் யார்கூடச் சண்டை போடுறது?" என் பக்கம் திரும்பினார். "தம்பி, இதையும் எழுதுங்க."

"என்கிட்ட அந்தப் பக்கம் இப்போ இல்லைங்க."

"அந்தப் பந்துக்காரரை வரச் சொல்லுங்க."

இவள் வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று. சிரித்துக்கொண்டே என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள். வலித்தது. சொல்லவில்லை.

மார்ச் 29, சனி

விளையாட்டுக்காரர் அக்காவின் கருத்தை அப்படியே போட்டிருக்கிறார், 'லிஃப்டின் நீண்டகால எதிர்ப்பாளர்' என்ற குறிப்போடு. அக்கா பத்திரிகையை மூன்று பிரதி வாங்கியிருக்கிறார்.

கத்தரி என்னை வாரம் இரண்டு நாள் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறாள், தரைத்தளத்தில் இருக்கும் குடும்பநலப் பிரிவுக்கு மட்டும். இன்று ஒரு வழக்கில் அம்மா பேசினார், அப்பா பேசினார். இரண்டையும் எழுதினேன். யார் சொன்னதற்கு எத்தனை வரி கொடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது. எண்ணவில்லை.

ஏப்ரல் 2, புதன்

இயக்குநரிடமிருந்து இவளுக்கு அழைப்பு. ஒலிபெருக்கியில் போட்டாள், நானும் கேட்டேன்.

பத்திரிகையைப் பார்த்து முடிவெடுத்தது தவறு என்றார். "எடுத்த பிறகுதாங்க புரிஞ்சது. லிஃப்ட் பேசலைன்னா மத்தவங்களுக்கும் பேச ஒண்ணும் இல்லை. யாரும் யாரையும் ஒண்ணும் கேக்கிறதில்லை. அந்தப் பழைய லிஃப்டைக் கிடங்குலேர்ந்து தேடி எடுத்துட்டு வர்ற மாதிரி எழுதிக்கிட்டு இருக்கோம். ராட்சதனே தேடிப் போறான்."

"அவனா?" என்றாள் இவள்.

"அவன் மகள் எங்க இருக்கான்னு வேற யாருக்குத் தெரியும்?"

இவள் உடனே சரி சொல்லவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. "ஒரு விஷயம்" என்றாள். "தொடர் முடியும்போது பேர் போடுறீங்களே, அதுல என் பேரும் வரணும்."

இதுவரை போடவில்லை என்பதே அவருக்கு இப்போதுதான் உறைத்திருக்கும். "கட்டாயம்" என்றார்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க இதுல ஒண்ணும் செய்யலைதானே?"

"இல்லை."

"யார்கிட்டயும் சொல்லிக் கேக்கலையே?"

"இல்லை. ஒரு வார்த்தைகூட."

"நல்லது" என்றாள். அது எனக்கான சான்றிதழ் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 12, சனி

காலையில் இவளோடு மருத்துவமனைச் சிற்றுண்டிச் சாலைக்குப் போனேன். அவள்தான் கேட்டாள், பார்க்க வேண்டும் என்று. கல்லாப் பெண்ணிடம் யார் என்று சொல்லவில்லை. "ரெண்டு டீ" என்றாள், அவ்வளவுதான். அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டார். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் டீயை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன். இது செய்தி இல்லை.

ஏப்ரல் 16, புதன்

நாளை மறுநாள் ஒலிப்பதிவு. மாலை இவள் தாள்களோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். ராட்சதனுக்கு யாரும் இல்லை, நீங்கள் படியுங்கள் என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

கிடங்கில், தூசிக்கு நடுவில், பழைய லிஃப்டின் முன் அவன் நிற்கிறான். 'என் பொண்ணை எங்கே வச்சிருக்கே?' என்பது வரி. குரலை உயர்த்தி, நாற்காலியின் கையைத் தட்டிப் படித்தேன். ராட்சதன் அல்லவா.

இவள் தாளைக் கீழே இறக்கினாள்.

"இப்படிப் படிச்சா நான் எப்படிங்க பதில் சொல்றது? அவனைக் கெட்டவனாக்காதீங்க. அவன் எத்தனை மாடி ஏறித் தேடியிருக்கான். தட்டை எறிஞ்சானா இல்லையான்னு அவனுக்கே இப்போ நிச்சயமில்லை. அதோட வந்து நிக்கிறான். மெதுவா."

"எனக்கு நடிக்க வராது."

"நடிக்க வேண்டாம். அவன் சொல்றதை எழுதிக்கிற மாதிரி படிங்க."

முதலிலிருந்து படித்தேன், மெதுவாக. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் முடித்ததும், கண்ணைத் திறக்காமலே லிஃப்டின் பதிலைச் சொன்னாள்: "ஏறு. ஏழாவது மாடி."